கோமதிநாதன் தொட்ட கவர்

சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் வருகிற தபாலையெல்லாம் வாங்கி, முத்திரை குத்தி, அவரவர் மேசைக்கு அனுப்புவது யோகலட்சுமியின் வேலை. வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். வம்பு தும்புக்குப் போகாதவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? அவள் ஒருத்தனை வருஷக்கணக்காகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருத்தன் அவளுடைய கண்காணிப்பாளர் கோமதிநாதன். பதவிக்கு மரியாதை கொடுத்து நாமும் 'அவர்' என்றே சொல்லிவைப்போம்.

விஷப்பொடி, கிருமி என்று சந்தேகப்படும்படி தபால் வந்தால் என்ன செய்வது என்று யோகலட்சுமிக்குத் திருநெல்வேலியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஓர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுவாரம், அனுப்பியவர் பெயரில்லாத கவர் ஒன்று வந்தது. ஓரத்தில் பொடி கொட்டியது. சொல்லிக்கொடுத்தபடி அதை அசைக்காமல் வைத்தாள்; மின்விசிறியை நிறுத்தினாள்; எல்லோரையும் வெளியே அனுப்பினாள். கோமதிநாதன் விறுவிறுவென்று உள்ளே போய்க் கவரைக் கிழித்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கத்துல பொறந்துட்டு புத்துமண்ணு தெரியலியா?" என்று அவள் நெற்றியிலேயே பூசிவிட்டார்.

கோமதியம்மன் கோயில் புற்றுமண்தான். மனுவோடு ஒரு சிட்டிகை வைத்தால் காரியம் பலிக்கும் என்று கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் சிலருக்கு நம்பிக்கை. அலுவலகமே சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். வீண் பீதி கிளப்பினாள் என்று மேலிடத்துக்கு எழுதி, அவளுக்கு வர இருந்த பதவி உயர்வையும் அவர் கெடுத்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம், அந்த மனுஷன் வயிறெரிந்தால் போதும்.

அந்த நாள் இந்தப் புரட்டாசியில் வந்தது. தென்காசியில் கோமதிநாதனுக்குப் பதவி உயர்வுக் கலந்தாய்வு. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் கிளம்புகிற நேரத்தில் அதே மாதிரி இன்னொரு கவர் அவள் மேசைக்கு வந்தது.

"சார், பொடி கொட்டுது. தொடாதீங்க," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

"போம்மா! நல்ல காரியத்துக்குப் போகும்போது கோமதித்தாயே அனுப்பி வச்சிருக்கா." கிழித்து, நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டார்.

புற்றுமண் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! மற்றவர்களை வெளியேற்றினாள். கதவை வெளியிலிருந்து தாழிட்டாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். போலீசுக்குப் போன் போட்டாள்.

"கதவைத் தொறட்டி! அது புத்துமண்ணு!"

"இருக்கும் சார். ஆளு வந்து பாத்துச் சொல்லட்டும்."

வந்த போலீஸ்காரர்களும் அதையே சொன்னார்கள். "தொட்டவரு தனியாத்தான் இருக்கணும். பொடியச் சோதிக்க திருநெல்வேலியில இருந்து ஆளு வருது." யோகலட்சுமிக்கு வயிறு குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வருஷங்களாகிவிட்டன.

மதியம் தென்காசியிலிருந்து அவர் செல்போனுக்குச் செய்தி வந்தது. இடம் போய்விட்டது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் வேர்வையோடு மண் வழிந்தது.

"வேணும்னேதான பண்ணுன?" என்றார் மெல்ல.

அவள் ஜன்னலருகே போனாள். "ஆமா சார்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

"கண்ணைக் கசக்காதீங்க சார்!" என்று போலீசுக்குக் கேட்கும்படி அவள் சத்தம் போட்டாள். "பொடி உள்ள போயிரும்!"