உட்காரச் சொன்னால் நிற்கும் வகுப்பு

அம்மா போன மாதம் இறந்தாள். ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. எழுத்தும் எண்ணும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம் என்பாள். அவள் சொல்லிக்கொடுத்தது வேறு: முறை வரும்வரை காத்திருப்பது, கோபத்தில் ஓங்கிய கையை இறக்குவது, எதையும் செய்யுமுன் ஒரு நொடி யோசிப்பது. நான் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி வடிவமைப்பவன். என் வேலையில் தாமதம் பிழை. அவள் வேலையில் அதுதான் பாடம்.

அதற்காக ஒரு தலைகீழ் விளையாட்டு வைத்திருந்தாள். தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும். உட்கார் என்றால் நிற்க வேண்டும்.

ஒரு வருடம் அவள் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பட்டப்பெயர் கடுகு; உருவமும் அப்படி, காரமும் அப்படி. வரிசையில் யாராவது முந்தினால் கடித்துவிடுவாள். புகார்கள் குவிந்ததால், அவளைப் பள்ளியை விட்டு அனுப்பத் தலைமையாசிரியை முடிவு செய்திருந்தார். அதற்கு முன் அவளை ஒருமுறை வகுப்பில் வந்து பாருங்கள் என்று அம்மா கெஞ்சியிருந்தாள்.

அவர் வந்தபோது, அம்மா கேட்டதற்காக நான் ஏணிமேல் நின்று அந்த வகுப்பின் மின்விசிறியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கீழே விளையாட்டு மும்முரம். அவரைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்தார்கள்.

"உட்காருங்க," என்றார்.

ஒருவரும் உட்காரவில்லை. பெருமையாக நின்றார்கள்.

"என்ன டீச்சர், ஒரு வாண்டுகூட சொன்ன பேச்சக் கேக்காது போல."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. விளையாட்டை நிறுத்த மறந்திருந்தாள்.

கடுகு பாதி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். அம்மாவைப் பார்த்தாள். தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிறகு முழுதாக உட்கார்ந்து, பக்கத்துப் பையனின் சட்டையை இழுத்தாள்.

"டேய், உக்காருடா. பெரிய டீச்சருக்கு இந்த வெளையாட்டே தெரியாது. நெஜமாத்தான் சொல்றாங்க."

மளமளவென்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா விளையாட்டை விளக்கினாள்.

"இவளா கடிக்கிறவ?"

"இவதான் மேடம்."

"திருந்திட்டாளா?"

"இல்ல மேடம். நாளைக்கே கடிச்சாலும் கடிப்பா. ஆனா இப்ப இவ ஒருத்திதான் யோசிச்சா."

தலைமையாசிரியை கிளம்பத் திரும்பினார். "சரி, இருக்கட்டும். இனிமே யாராவது புகார் சொல்லி வந்தா உங்ககிட்டதான் அனுப்புவேன்."

"அனுப்புங்க மேடம். என் கையிலயே தழும்பு இருக்கு, காட்டுறேன்."

மறுநாளே கடித்தாள். கடித்த கையோடு அம்மாவிடம் ஓடிவந்து, யாரும் கேட்குமுன் தானே சொல்லிவிட்டாளாம். அதையும் முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டாள் அம்மா.