நான்ஸ்டிக் தவாவும் செல்வியின் கரண்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை தோசையைப் பிய்த்து வாயில் வைக்கப் போகும்போதுதான் பார்த்தேன். தோசையில் ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு செதில். நான்ஸ்டிக் தவாவின் கோட்டிங் உரிய ஆரம்பித்துவிட்டது!

தூக்கிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். போடலாம்தான்... ஆனால் அதைச் சுரண்டிச் சுரண்டி உரிய வைத்தது என் மனைவி செல்வி. அவள் இறந்து வருகிற பங்குனியோடு ஒரு வருடம் ஆகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

செல்வி நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெடிமருந்து அறைக்குள் இரும்புச் சாமான் போகக் கூடாது, உரசினால் பொறி பறக்கும். எதையும் உரசக் கூடாது, சுரண்டக் கூடாது. நாள் முழுக்கக் கையை அடக்கி வேலை பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு நான் என்ன செய்தேன்? நான்ஸ்டிக் தவா வாங்கி வந்து, கூடவே ஒரு மரக்கரண்டியையும் நீட்டினேன்.

"அங்கனதான் இரும்பைத் தொடாதங்கிறாக. வீட்டுக்கு வந்தும் மரக்கரண்டியா? போங்க அங்கிட்டு!"

இரும்புக் கரண்டியை எடுத்துக் கரக் கரக்கென்று சுரண்டுவாள். கீறலுக்கு ஒரு சண்டை போடுவேன். ஒரு பாத்திரம் பாழாகக் கூடாது என்று எத்தனை நல்ல சாயங்காலங்களைப் பாழாக்கியிருக்கிறேன்!

சரி, கோட்டிங்கை மட்டும் எடுத்துவிட்டால் தவா பிழைத்துக்கொள்ளுமே? காலித் தவாவை நன்றாகக் காய வைத்தால் உரிந்துவிடும் என்றது ஒரு வீடியோ. அடுப்பில் வைத்தேன். மிச்சத்தைத் தேய்க்க டிரில் மெஷினில் கம்பி பிரஷையும் மாட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு முத்துலட்சுமி குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். செல்வியோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவள்.

"ஐயோ அண்ணே, அடுப்பை அமத்துங்க! அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. இதென்ன மிசினு? அடியில இருக்கிறது அலுமினியம். காஞ்ச அலுமினியப் பொடி பறந்தா குப்புனு பத்திக்கிரும்னு எங்களுக்குத் தெரியாதா?"

தவா ஆறியது. கொல்லையில் உட்கார்ந்து, மாஸ்க் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஈர உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். தேய்த்து வந்த கறுப்புச் சகதியைப் பழைய துணியால் துடைத்துக் கவரில் கட்டச் சொன்னாள் முத்துலட்சுமி. "சாக்கடையில விட்டுறாதீக."

கறுப்பெல்லாம் போனது. செல்வியின் கீறல் நாலைந்து மட்டும் அலுமினியத்திலேயே இறங்கியிருந்தது.

"இன்னும் ரெண்டு தேய் தேய்ங்கண்ணே, போயிரும்."

"வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றேன். முத்துலட்சுமி காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் எண்ணெய் தடவி முதல் தோசையை ஊற்றினேன். கல்லோடு அப்பிக்கொண்டது. மரக்கரண்டியால் அசைக்கக்கூட முடியவில்லை. செல்வியின் இரும்புக் கரண்டியை எடுத்துச் சுரண்டினேன். கரக்... கரக்... அதே சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அவள் வேண்டும்போல இருந்தது.

இனி எவ்வளவு வேண்டுமானாலும் சுரண்டு செல்வி... நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.