தாகேதா வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை

பேய், ஆவி என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. சுடுகாட்டு ஓரம், கப்பல் தளம், லாரிக்கு அடி என்று படுக்காத இடமில்லை, கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

பர்மாவில், தாகேதா என்கிற பேட்டையில் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறேன். ஒண்டியிருப்பது கூட்டாளி செல்வத்தின் வீட்டில். அவன் மனைவி மா தீடா பர்மாக்காரி, தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள். தெருவில் போகிறவர்கள் குடிக்க வாசலில் த்வாண்டே ஊரில் செய்த ஒரு மண்பானை, சங்கிலி கட்டிய தகரக் குவளை. புண்ணியத்துக்கு வைப்பது, இந்த ஊர் வழக்கம்.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பயந்து செல்வம் ஒரு தரகர் மூலம் படகு வேலைக்குப் போனான். எங்கோ தூரக் கடலில் ஒரு தீவு. இரண்டு நாடுகள் அதற்காக அடித்துக்கொள்கின்றன, ஒன்றுக்குத் துணையாக அதன் நேச நாடு சிப்பாய்களை இறக்கிக் காவல் காக்கிறது. தீவில் குடிதண்ணீர் கிடையாது. அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது இவன் படகு.

"தீவு ஒருத்தனுது, காவல் இன்னொருத்தன், தண்ணி தூக்குறது தாகேதாக்காரன். எப்படி அண்ணே?" என்று போனில் சிரித்தான். "நம்ம பானை காயாம பாத்துக்க."

பிறகு போன் வரவில்லை. ஒரு மத்தியானம், பானைத் தண்ணீரைக் குடித்த மீன்காரி துப்பிவிட்டுத் திட்டினாள். நான் குடித்துப் பார்த்தேன், கடல் தண்ணீர். அதே குழாயில் பிடித்தது வீட்டுக்குள் நன்றாக இருந்தது. கொட்டிக் கழுவி ஊற்றினேன், மறுபடியும் உப்பு. புதுப்பானை வைத்தேன், அதிலும் உப்பு. அன்று சாயங்காலம் செய்தியில் அந்தத் தீவில் குண்டு விழுந்ததைக் காட்டினார்கள். நேச நாடு செத்த சிப்பாய்களின் பெயர்களைச் சொன்னது. தண்ணீர்ப் படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தரகரிடம் ஓடினேன். "அப்படி ஒரு ஆளை நான் அனுப்பவே இல்லையே" என்றார்.

பிக்குகளுக்குச் சோறு போட்டு ஆவியை வழியனுப்பு, இல்லாவிட்டால் அலைவான் என்று தெருவிலுள்ள பெண்கள் மா தீடாவை அரித்தார்கள்.

"சோறு போட்டா அவர் செத்தது நிஜம் ஆயிடும்," என்றாள் மா தீடா. "நீ சொல்லு அண்ணே, போடவா?"

போட்டுவிடு என்றேன். வேறென்ன சொல்வது?

சோறாக்கிய காலையில் பானைத் தண்ணீரில் உப்பே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். குவளை விளிம்பில் மட்டும், ஒரு வாய் வைக்கும் அளவுக்கு, உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போயிருக்காரு. வீடு தெரியுது அவருக்கு. எதுக்கு அனுப்பணும்?"

பிக்குகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

குவளையைத் தினமும் நான்தான் தேய்த்துக் கவிழ்க்கிறேன். முதலில் ஒரு வாய் அளவுதான் இருந்தது. இந்த மழைக்காலத்திலிருந்து விளிம்பு சுற்றிலும் பல வாய் பட்ட மாதிரி வெள்ளை, விடிந்தால் பானை காலி. மா தீடா த்வாண்டேயிலிருந்து இன்னும் இரண்டு பானை வாங்கி வைத்திருக்கிறாள்.