சொன்னவரே ஓனர்

எங்கள் அலுவலகத்தில் தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் நின்றுகொண்டே கூட்டம் போடுவோம். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். நின்றாலும் நாற்பது நிமிடம் நீண்டது. கால்தான் கூடுதலாக வலித்தது. இதற்கு அஜைல் என்று பெயர். அப்படியென்றால் சுறுசுறுப்பு என்று இரண்டு நாள் பயிற்சி வேறு கொடுத்திருந்தார்கள்.

சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்குக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஊழியர் கைக்கருவியால் பெட்டியை ஸ்கேன் செய்தால் கணினியில் பதிவாக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஏழு பேர், ஒரு மேலாளர், சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள்.

மேலாளர் நம்மவர்தான். கூட்டத்தில் ஆங்கிலத்தில் முழங்கிவிட்டு, தமிழர்களான எங்கள் இருவரிடம் மட்டும் தமிழுக்கு இறங்கி வருவார், வால் மாதிரி ஒரு சிங்கப்பூர் 'லா'வையும் ஒட்டிக்கொண்டு. அவர் போட்ட சட்டம் இது: வேலையில் ஏதாவது ஆபத்து தெரிந்தால் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும், சொன்னவர்தான் அதற்கு 'ஓனர்', அதாவது முழுப் பொறுப்பாளி. கூரை ஒழுகுகிறது என்று சொன்னவனையே கூரை மேல் ஏற்றிவிடும் கதை. மூன்றே வாரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டுவதை எல்லோரும் நிறுத்திவிட்டோம். "பாத்தீங்களா, நம்ம டீம்ல ரிஸ்க்கே இல்ல லா" என்று அந்த அறிவுக்கொழுந்து பூரித்துப்போனது.

இன்னொரு தமிழர், சோதனைப் பிரிவில் இருந்த அக்கா. திருச்சியிலிருந்து வேலை பாஸில் வந்தவர். செங்காங்கில் வாடகை வீடு, நாலாம் வகுப்பில் மகள். வேலை போனால் பாஸ் போகும். பாஸ் போனால் மகளின் பள்ளியும் போகும். நானோ செம்பவாங்கில் பிறந்து வளர்ந்த குடிமகன். என்னை யாரும் எங்கேயும் அனுப்பிவிட முடியாது.

ஒருநாள் கிடங்குக்குப் போயிருந்தபோது குளிர் அறைக்குள் கருவியைச் சோதித்துப் பார்த்தேன். கனத்த கதவு மூடியதும் சிக்னல் செத்துவிட்டது; உள்ளே ஸ்கேன் செய்த ஒரு பெட்டியும் பதிவாகவில்லை. மறுநாள் தேக்கா உணவங்காடியில் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன்.

"ஐயோ, அதை மீட்டிங்ல சொல்லிடு தம்பி."

"நீங்களே சொல்லிடுங்கக்கா. நீங்கதானே டெஸ்டர். நீங்க சொன்னா எடுபடும்."

எடுபடுமாம்! எவ்வளவு நயமான பொய். மஞ்சள் சீட்டில் என் பெயர் வரக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

அக்கா கூட்டத்தில் சொன்னார். "வெரி குட் லா! அப்ப நீங்கதான் ஓனர்" என்று மேலாளர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். சரிசெய்ய மூன்று நாள் போதும். அதற்கான நிரலை எழுத வேண்டியவன் நான். ஆனால் வாடிக்கையாளரின் பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று மேலாளர் என்னை வண்ண வண்ண வரைபடம் போட உட்கார்த்திவிட்டார். அக்கா தினமும் காலையில் நினைவுபடுத்தினார். "அடுத்த ஸ்பிரிண்ட்ல பாக்கலாம் லா" என்று தினமும் பதில் வந்தது. ஸ்பிரிண்ட் என்றால் இரண்டு வார வேலைத் தவணை. மூன்று ஸ்பிரிண்ட் ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை.

மென்பொருள் கிடங்கில் ஓடத் தொடங்கிய முதல் நாளே குளிர் அறையில் இருந்த மருந்துப் பெட்டிகள் கணினியின் கணக்கில் இல்லாமல் போயின. தேடி எடுப்பதற்குள் அவை ஏற வேண்டிய விமானம் போய்விட்டது.

அதற்கும் ஒரு கூட்டம். "இங்க யாரையும் குத்தம் சொல்லப் போறதில்ல" என்று ஆரம்பித்த மேலாளர், அடுத்த நிமிடமே ஆபத்துப் பட்டியலைத் திரையில் போட்டார். ஓனர் என்ற கட்டத்தில் அக்காவின் பெயர். வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நான் குனிந்து என் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. பள்ளி ஆண்டு பாதியில் இருந்தது.

கடைசி நாள் அவருடைய சாமான் பெட்டியை லிஃப்ட் வரை தூக்கிக்கொண்டு போனேன். பெரிய உதவி! மனம் தாங்காமல் கேட்டும் விட்டேன். "நான்தான் முதல்ல பாத்தேன்னு நீங்க ஏங்க்கா சொல்லல?"

அக்கா என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ சொல்லுவேன்னு மீட்டிங் முடியிற வரைக்கும் உன்னையேதான் பாத்துட்டு இருந்தேன் தம்பி."