அம்மா ஸ்கில் கோச் ஆனபோது

எங்கள் பேக்கரியில் டீயைவிட ஹாக்கிதான் அதிகம் ஓடியது. சூலூரில், பள்ளி மைதானத்துக்குப் போகும் வழியில் கடை. சாயங்காலம் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லோரும் எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். ஊரே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் எப்படி ஹாக்கியில் போய்ச் சிக்கினார்கள் என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் மில்லுக்கு ஒரு டீம் இருந்ததாம். மில் மூடி, டீமும் கலைந்துபோய், ரசிகர்கள் மட்டும் மிச்சமாகியிருந்தார்கள். பேச்சு சூடு பிடித்துவிட்டால் நிறுத்தமாட்டார்கள். பக்கத்துத் தளத்தில் இறங்கும் விமானப்படை விமானம் தலைக்கு மேல் வரும்போது மட்டும், யார் சொன்னதும் யாருக்கும் கேட்காது என்பதால், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் அவர்கள் விடாமல் பேசியது என் அம்மாவைப் பற்றி.

அம்மா இந்தியாவுக்காக ஹாக்கி ஆடியவள். அது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா பி.ஏ. படித்தவள் என்பதும், அவள் பிறந்தது உடுமலைப்பேட்டை என்பதும் தெரிந்த மாதிரிதான் அதுவும் தெரியும். நான் பார்த்த அம்மா மாவு பிசைகிறவள், ஓவனிலிருந்து தட்டை இழுக்கிறவள், பள்ளி விட்டு வந்ததும் என்னை மடியில் சாய்த்துத் தலையை அவிழ்த்துப் பின்னிவிடுகிறவள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். எனக்கு முதலில் பொறாமை வந்தது அவர்கள்மேல்தான். லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் மேசைமேல் டம்ளர்களை வரிசையாக நிறுத்தி ஆட்டத்தை விளக்குவார். டம்ளர்கள் எதிரணி. ஒரு வர்க்கி பிஸ்கட்தான் அம்மா. வர்க்கி வலப்பக்கம் போவதுபோல் காட்டி, சட்டென்று இடப்பக்கம் வெட்டி, டம்ளர்களையெல்லாம் தாண்டி கோல் போடும். கோல் போட்டதும் அவர் அதை டீயில் முக்கித் தின்றுவிடுவார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதியபடி அந்த வர்க்கியை முறைத்துக்கொண்டிருப்பேன். என் அம்மாவை எனக்கே தெரியாத யாரோ ஒருத்தியாக இவர்கள் வைத்திருக்கிறார்களே என்றிருக்கும்.

விவாதம் இதுதான். ஊர்ப் பெண்பிள்ளைகள் டீம் ஒவ்வொரு வருடமும் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றுக்கொண்டிருந்தது. பி.டி. மாஸ்டர் பிள்ளைகளை நன்றாக ஓட வைத்தார். ஆனால் பந்து வந்தால் நிறுத்தத் தெரியவில்லை, நிறுத்தினால் நகர்த்தத் தெரியவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொடுக்க ஸ்கில் கோச் என்று அம்மாவைக் கொண்டுவரலாம் என்றார் லேத் பட்டறைக்காரர். கூடாது என்றார் மில் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவரை எல்லோரும் ஸ்டோர்க்காரர் என்பார்கள். ஆடுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு என்பது அவர் கட்சி. இத்தனை வருடமாக மட்டையைத் தொடாதவர், விதிகளே மாறிப்போய்விட்டன, சேலை கட்டிக்கொண்டா வருவார் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். பட்டறைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். மற்றவர்கள் அன்றைக்கு யார் டீ வாங்கித் தருகிறார்களோ அந்தப் பக்கம் சாய்வார்கள்.

இத்தனையும் அம்மா உள்ளே இருக்கும்போதே நடந்தது. துணித் திரைக்கு அந்தப் பக்கம்தான் ஓவன். அவள் தட்டோடு வெளியே வந்தால் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளே போனதும் மறுபடி ஹாக்கி.

ஒருநாள் அம்மா பப்ஸ் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். கையிலிருந்த மாவைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“ஏனுங்க, எத்தன மணிக்கு வரோணும்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்குமுங்க” என்றாள்.

ஸ்டோர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “நாலரைக்குங்க அம்மணி” என்றார், இத்தனை நாளும் வேண்டாம் என்று சொன்ன அவர்தான். அப்பா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து மாவு பிசைகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

அம்மா சேலை கட்டிக்கொண்டு போகவில்லை. டிராக் பேன்ட், அப்பாவின் பழைய சட்டை, தலையில் தொப்பி. நானும் கூடவே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே போனதும் அவள் குரலே மாறிவிடும். வீட்டில் பூனைகூடப் பயப்படாத குரல் மைதானத்தின் மறுகோடி வரை போய் அடித்தது.

பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். அதில் கோகிலா என்று ஒருத்தி, எட்டாம் வகுப்பு. அப்பா அம்மா இருவரும் தறி ஓட்டுகிறவர்கள். ஒல்லியாக இருப்பாள், முட்டி எப்போதும் சிராய்த்திருக்கும். முதல் வாரத்திலேயே அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். பின்னால் நின்று, அவளுடைய இரண்டு கைமேலும் தன் கையை வைத்து மட்டையைப் பிடித்து, பந்தை வலப்பக்கம் தள்ளி இடப்பக்கம் இழுத்துக் காட்டினாள். பட்டறைக்காரரின் வர்க்கி செய்த அதே வித்தை. இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு ஒரே ஆள்போல் அசைந்தார்கள். அம்மாவின் தாடை கோகிலாவின் உச்சந்தலையில் படும் தூரத்தில் இருந்தது. அந்த இடம் என்னுடையது.

அதற்கப்புறம் வீட்டில் சோறு போடும்போதெல்லாம் பேச்சில் கோகிலா வந்தாள். அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு எப்படி வளைகிறது தெரியுமா என்பாள் அம்மா. அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். நான் தட்டுக்கு அடியில் என் மணிக்கட்டை வளைத்துப் பார்ப்பேன். அதுவும் வளையத்தான் செய்தது. யாரும் பார்க்கவில்லை.

எனக்கும் சொல்லிக்கொடு என்று அழுதேன். அம்மா சின்ன மட்டை ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு நாள் போனேன். பந்து காலில் பட்டது, கை காய்த்தது, வெயில் தாங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “உனக்குப் புடிக்கலீன்னா வேண்டாங்கண்ணு. எனக்காவ நீ ஆட வேண்டாம்” என்று கன்னத்தைத் தடவினாள். ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள். அதே வாயால் அடுத்த நிமிடம் கோகிலாவை, “எங்க பாத்துட்டு நிக்கிற, ஆடறதுன்னா ஆடு, இல்லாட்டி ஊட்டுக்குப் போ” என்று கத்தினாள். எனக்கு அந்தத் திட்டு வேண்டும்போல் இருந்தது. என்னை அம்மா ஒருநாளும் அப்படித் திட்டியதில்லை.

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துப் பார்த்தேன். அம்மா நெற்றியில் கை வைத்துவிட்டு, போவதா வேண்டாமா என்று வாசலில் நின்றாள். அப்பாதான், “நீ போ, நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டார். அப்பாவும் என் கட்சியாகத்தான் இருப்பார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவரோ மைதானத்துக்குத் தினமும் ஒரு பை நிறைய பன் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் விவாதம் மட்டும் ஓயவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம், அம்மா மைதானத்தில் இருந்த நேரம், ஸ்டோர்க்காரர் மறுபடி ஆரம்பித்தார். “நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறாங்க, இல்லீங்கல. ஆனா ஒருக்கா பாதியில உட்டுப்போட்டு வந்தவங்க. மறுக்கா உடமாட்டாங்கன்னு என்னுங்க நிச்சயம்?”

பட்டறைக்காரர் டம்ளரை ஓசையோடு வைத்தார். “வேணும்னேவா உட்டாங்க? வகுத்துல புள்ள இருந்துச்சுங்க. கேம்ப்ல டாக்டர் பாத்துட்டு ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டாங்க. வெளிநாடு போற டீம்ல பேரெல்லாம் வந்த பொறவு.”

சொல்லி முடித்த பிறகுதான் கல்லாப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். விமானம் எதுவும் போகாமலே கடை அமைதியானது.

அவர்கள் போனதும் அப்பாவிடம் கேட்டேன், அந்தப் பிள்ளை நான்தானா என்று. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை, வேறு யாராக இருக்க முடியும். இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“நீதாங்கண்ணு” என்றார்.

“அப்பறம் ஏன் அம்மா திரும்பப் போகல?”

“போயிருக்கலாம்” என்றார். ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தார். “அப்பத்தான் கடை ஆரம்பிச்சிருந்தேன். ஆளில்ல. நானும் போன்னு சொல்லல.”

அவர் சொன்னதில் பின்பாதி என் காதில் ஏறவே இல்லை. முன்பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. இந்தியா டீமா நானா என்று வந்தபோது அம்மா என்னைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில், வைத்த சோற்றையெல்லாம் மறு பேச்சில்லாமல் தின்றேன்.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரணி கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரி புது ஷூ. கடைசி வரை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடியப்போகிற சமயத்தில் பந்து கோகிலாவிடம் வந்தது. வலப்பக்கம் போவதுபோல் காட்டினாள். எதிரே நின்றவள் அந்தப் பக்கம் சாய்ந்தாள். கோகிலா இடப்பக்கம் வெட்டிப் போய் அடித்துவிட்டாள்.

அம்மா ஓடி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தொப்பி பறந்து விழ, கோட்டைத் தாண்டி ஓடிப்போய் கோகிலாவை அப்படியே தூக்கிச் சுற்றினாள். கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். நான்தான் அப்பவே சொன்னேனே என்று ஸ்டோர்க்காரர் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணில் நீர் வந்தது, ஆனால் அது வேறு.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் கோகிலா குழாயடியில் முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நேரே அவளிடம் போனேன்.

“எங்கம்மா எனக்காவ ஹாக்கியவே உட்டுப்போட்டு வந்தவங்க. தெரியுமா உனக்கு?”

அவள் நிமிர்ந்தாள். “நெசமாலுமா?”

“நெசந்தான். இந்தியா டீம்ல பேரு வந்திருந்துச்சு. ஃபாரின் போகோணும். நான் வகுத்துல இருந்தேன், அதனால போகல. மறுக்கா போகவே இல்ல.”

அவள் அழுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் குழாயை நிறுத்தினாள். திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். அங்கே அம்மா தனியாகக் குனிந்து குனிந்து பந்துகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கோகிலா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பாவம்” என்றாள்.

யார் பாவம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்னிடம் தோற்றுப்போய்விட்டதை அவள் ஒப்புக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டமாக ஓடி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்கச் செம்மண்ணும் வேர்வையுமாக இருந்தது. அம்மா சிரித்து, என் விரல்களைத் தன் விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டாள். மறு கையில் மட்டை இருந்தது. சாக்கை அப்பாவிடம் கொடுத்தவள் மட்டையைக் கொடுக்கவில்லை. கடை வரை என் கையையும் மட்டையையும் பிடித்தபடியே நடந்து வந்தாள். எனக்கு அன்றைக்கு இருந்ததெல்லாம் ஒரே குறைதான். அந்த மட்டையை யாரிடமாவது கொடுத்துவிட்டு, கோகிலாவைத் தூக்கியதுபோல என்னையும் இரண்டு கையாலும் தூக்கியிருக்கலாமே என்று.