கறிச்சட்டிக்கு அதிபதி இல்லை

எங்கள் தாய்மாமா ஞாயிறு பாடசாலையில் வேதாகமம் கற்பித்தவர். கற்பித்ததை வீட்டில் நடைமுறைப்படுத்தாவிட்டால் அவருக்கு நிம்மதி இராது. அந்தக் கோடையில் பாடம், வனாந்தரத்து இஸ்ரவேலர். காலை முதல் மாலை வரை தனியொருவராக எல்லாருடைய வழக்கையும் கேட்டுக் களைத்த மோசேயை, மாமனார் எத்திரோ கண்டித்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் பத்துப் பேருக்கும் அதிபதிகளை நியமிக்கச் சொன்ன பகுதி.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் குசினியின் மோசே அம்மாதான். உப்புப் போதுமா என்பதிலிருந்து யார் எந்தக் காரில் ஏறுவது என்பது வரை எல்லாம் அவரிடமே வரும். அஜக்ஸ் ஏரிக்கரையில் குடும்ப ஒன்றுகூடலுக்கு முதல்நாள், மாமா தம் அக்காவின் களைத்த முகத்தைப் பார்த்தார், எத்திரோ ஆனார்.

“அக்கா, இனி நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். பெரிய வழக்கு மட்டும் உங்களிட்ட வரும்.”

ஆயிரம் பேருக்கு நாங்கள் எங்கே போவது? ஆகவே கறிக்குச் சின்னம்மாவும், வாகனங்களுக்குப் பெரியப்பாவும், சிறுவர்களுக்கு நானும் அதிபதிகளானோம். என் ஆளுகையில் இருந்தவள் தங்கை ஒருத்தி. அவளும் உடனே கலகம் செய்தாள்.

மறுநாள் எல்லாரும் காரில் ஏறியபின், கதவைப் பூட்ட நின்ற அம்மாவுடன் நானும் நின்றேன். ஆட்டிறைச்சிக் கறி அடுப்பின்மேலேயே இருந்தது. சமைப்பது சின்னம்மாவின் அதிகாரம். ஏற்றியதைக் கொண்டுபோவது பெரியப்பாவின் அதிகாரம். அடுப்புக்கும் காருக்கும் இடைப்பட்ட நிலத்துக்கு அதிபதி இல்லை. நான் சட்டியைச் சுட்டிக்காட்டினேன்.

“அதுக்கும் ஒரு அதிபதி இருப்பார், பிள்ளை,” என்ற அம்மா, மூடியைச் சரிசெய்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

மதியம் ஏரிக்கரையில் சட்டி தேடப்பட்டது. சின்னம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மாமாவைப் பார்த்தார். பசித்த கோத்திரங்கள் முறுமுறுத்தன. கடைசியில் எல்லாரும் மடக்குக் கதிரையில் இருந்த அம்மாவின் முன்னால் வந்து நின்றார்கள். பெரிய வழக்கு.

“சட்டி வீட்டிலை பத்திரமா இருக்கு. தம்பி, நீயே போய் எடுத்துக்கொண்டு வா,” என்று தீர்ப்பளித்து, அம்மா மாமாவிடம் வீட்டுத் திறப்பை நீட்டினார்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நெரிசல். மாமா திரும்பி வரும்வரை எங்களுக்குப் பாணும் சம்பலும்தான். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மரநிழலில் தூங்கிப்போனார். பகலில் அவர் தூங்கி நான் கண்டதேயில்லை. ஏதோ நோய் வருத்தம் என்று பயந்து, என் ஒரே குடிமகளைக் காவலுக்கு வைத்துவிட்டு, மாமாவின் காரை எதிர்பார்த்து ஓடினேன்.

மாமா வந்து பார்த்தார். சட்டியை ஓசைப்படாமல் புல்லில் இறக்கினார்.

“ஒருத்தரும் எழுப்பக்கூடாது.”

அன்று அவர் இட்ட கட்டளைகளில் எல்லாரும் கீழ்ப்படிந்தது அதற்கு மட்டுந்தான். மருத்துவரைக் கூப்பிடாமல் இவர்கள் ஏன் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்று, நான் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன்.