உம்மா எழும்ப முடிந்த கதிரை

தம்பி, உம்மாவின் கதிரையை நாசமாக்கியவன் நீதான். பெருநாளுக்கு முன்பு குண்டசாலையிலிருந்து மடவளைக்கு, உம்மா வீட்டுக்கு வந்தாய். வீடியோ ஒன்றைப் பார்த்து, ஸ்டேப்ளர் கன்னால் அடித்துப் புதுத் துணி போட்டாய். படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். மச்சான்மார் இதயம் அனுப்பினார்கள். நேற்று நான் போனபோது அந்தக் கதிரையில் பூனை படுத்திருந்தது. உம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

வீடெல்லாம் ஸ்பொஞ்சும் பசையும் மணத்தன. அந்தக் கதிரையின் பழைய மணம் வேறு. வெயிலில் காய்ந்த தென்னந்தும்பின் மணம். அந்த நாளில் நோன்பு பாதியானதும் உம்மா கதிரையைக் கவிழ்த்துப் போடுவார். அப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அதுதான் வேலை. பெருநாளுக்கு வருகிறவர்களைக் கிழிந்த கதிரையில் இருத்துவதா? ஆணிகளை நெம்பி எடுத்து, பழைய துணியை முழுதாகக் கழற்றி, அதைப் புதுத் துணிமேல் விரித்து வெட்டுவார். தும்பைப் பிய்த்து உதறிக் காயப்போடுவார். அடியில் ஓடும் சணல் பட்டியை விறகுத் துண்டில் சுற்றி, நெம்பி இழுத்து அடிப்பார். தட்டினால் றபான் மேளம் போல ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் கழற்றி மறுபடியும் அடிப்பார்.

மற்ற நாட்களில் ஆணிகளை வாயில் கவ்விக்கொள்வார். நோன்பில் மட்டும் அவை கோப்பையில் இருக்கும். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"எனத்துக்கு கோப்ப? ஆணியத் திண்டா பசி அடங்கிருமா?"

"துப்பலோட இரும்பு ருசி உள்ள போகும் ராத்தா. சந்தேகத்தோட நோன்பு புடிக்க ஏலாது."

நான் சுத்தியலால் விரலில் அடித்துக்கொண்டு, இரத்தத்தை உறிஞ்சிவிட்டு, நோன்பு போயிற்றென்று முற்றமெல்லாம் துப்பித் திரிந்தவள். எனக்கும் அந்த வேலை வராது. அதைச் சொல்லித் தப்பப் பார்க்காதே.

அந்த இருக்கை கல் மாதிரி. நீ அதைக் குறையென்று நினைத்தாய். முழங்கால் தேய்ந்த பிறகு உம்மா தன் பாட்டில் எழும்ப முடிந்தது அதிலிருந்து மட்டும்தான். நீ பட்டியை இழுக்கவே இல்லை. தொய்ந்த பட்டிமேல் ஸ்பொஞ்சை வைத்து மூடினாய். இருந்தால் இடுப்புவரை புதைகிறது.

"அதுல இருந்து எழும்ப ஏலாதா உம்மா?"

"ஏலும் மகள், ரெண்டு பேர் புடிச்சா. தம்பிட்ட செல்லிராத. புள்ள ஆசையா செஞ்சது."

நான் சொல்கிறேன். தும்பு தேடி, கண்டியில் கேட்ட கடைகளிலெல்லாம் ஸ்பொஞ்சுதான் காட்டினார்கள். உம்மாவின் தும்பை எங்கே எறிந்தாய்? யார் அவரைத் தினமும் தூக்கிவிடுவது? எனக்குத் தனியாகப் போன் கோல் எடுக்காதே. படம் போட்டாயே, அதே குழுவில், இதயம் அனுப்பியவர்கள் எல்லாரும் பார்க்கப் பதில் எழுது.